ஞாயிறு முடியட்டும்

ஜனவரி 5, திங்கள்

மாடி போர்ஷனுக்கு ஆள் வந்தாயிற்று. முத்துக்கடல் மகளிர் கால்பந்துக் கழகத்தின் மேலாளர் பிரிட்டோ, சொன்ன நேரத்துக்கு முக்கால் மணி நேரம் தாமதமாக அழைத்து வந்தார். உக்ரைன் நாட்டுப் பெண். வயது இருபது. பெயர் சொலோமியா. கோல் கீப்பராம். நிலைப்படியில் தலையைக் குனிந்துகொண்டுதான் உள்ளே வர முடிந்தது.

வீட்டு விதிகள் நான்கையும் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து வைத்திருந்தேன். எட்டு மணிக்குக் கேட் பூட்டப்படும். வீட்டுக்குள் செருப்பு, பூட்ஸ் கூடாது. தண்ணீரை வீணாக்கக் கூடாது. மாடியில் பந்து உதைக்கக் கூடாது. விரல் வைத்து வரிவரியாகப் படித்தாள். பிறகு பேனா கேட்டு வாங்கி அடியில் கையெழுத்துப் போட்டாள். நான் கையெழுத்துக் கேட்கவில்லை. ஆனால் செய்தது சரி.

வீட்டு வேலைக்கு வரும் செல்லக்கனி அவளை அண்ணாந்து பார்த்துவிட்டு, "யம்மா, இந்தப் புள்ளைக்கி நம்ம கட்டிலு காணாதே" என்றாள். நீளம் காணவில்லைதான். கால் பக்கம் ஒரு ஸ்டூல் போட்டுத் தலையணை வைத்தோம்.

நன்றி: சுவரில் ஆணி அடிக்கலாமா என்று அனுமதி கேட்டாள். முன்பு குடியிருந்த வங்கி அதிகாரி கேட்கவில்லை.

ஜனவரி 6, செவ்வாய்

கொடியில் இரண்டு கைகள் தொங்குகின்றன என்று செல்லக்கனி அலறிக்கொண்டு வந்தாள். போய்ப் பார்த்தால் கையுறைகள். கழுவிக் காயப்போட்டிருக்கிறாள். கிளிப் போட்ட விதம் ஒழுங்காக இருந்தது.

காலைச் சாப்பாட்டுக்கு ஆறு முட்டை. இட்லியைத் தொட்டுப் பார்த்து, இது பாலாடைக்கட்டியா என்றாள். இல்லை என்றேன். ஒன்பது சாப்பிட்டாள்.

நன்றி: தட்டைத் தானே கழுவி வைத்தாள். (நாள்தோறும் நன்றி சொல்ல ஒன்றாவது தேடி எழுத வேண்டும், கிடைக்காவிட்டால் அந்த இடத்தை வெறுமையாக விட வேண்டும், பொய் எழுதக் கூடாது என்பது மடத்துப் பள்ளியில் மதர் யூஜினி வைத்த சட்டம். பதினொரு வயதில் ஆரம்பித்தது. இப்போது எழுபத்து நான்கு. வெறுமையாக விட்ட நாட்கள் அதிகம் இல்லை.)

ஜனவரி 11, ஞாயிறு

பூசைக்கு உடன் வந்தாள். சிலுவை அடையாளத்தை வலமிருந்து இடமாகப் போடுகிறாள்; நாம் போடுவது இடமிருந்து வலமாக. பக்கத்து வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் அவர்களைத் திரும்பிப் பார்த்தேன். பிறகு அவர்கள் பார்க்கவில்லை.

வரும் வழியில் வீட்டைப் பற்றிச் சொன்னாள். மிக்கோலாயிவ் என்ற துறைமுக நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அம்மா லெஸ்யா பேக்கரியில் வேலை. அப்பா இல்லை. அண்ணன் தாராஸ் இரண்டு வருடமாகப் போர்முனையில். சிறுவயதில் தானியக் கிடங்கின் இரும்புக் கதவுதான் இவளுடைய கோல். தாராஸ் உதைப்பான், இவள் தடுக்க வேண்டும். தவறவிட்டால் கதவு ஊருக்கே கேட்கும்படி அதிரும், காவலாளி கம்போடு வருவான். "காவலாளிக்குப் பயந்துதான் நான் கோல் கீப்பர் ஆனேன்" என்றாள்.

போர் வந்ததும் அவள் ஆடிய கழகத்தை மூடிவிட்டார்கள். ஒரு வருடம் லிதுவேனியா. இப்போது தூத்துக்குடி.

மாலை ஆறரைக்கு அண்ணனுடன் வீடியோவில் பேசுகிறாள். நான் கேட்பதில்லை. முப்பத்தாறு வருடம் தொலைபேசி டிரங்க் எக்ஸ்சேஞ்சில் இருந்தவளுக்கு நேரம் மட்டும் தானாகவே தெரிந்துவிடுகிறது. பதினோரு நிமிடம்.

பெங்களூரிலிருந்து ரெனிட்டா கூப்பிட்டாள். ஞாயிறு தவறாமல் கூப்பிடுவாள். நான்கு நிமிடம். ஆடிட்டர் வேலை; ஒற்றை மகள் என்றாலும் அவளுக்கும் நேரம் வேண்டுமே.

நன்றி: இரண்டு பேருக்கும் அழைப்பு வருகிறது, அவளுக்கும் எனக்கும்.

ஜனவரி 14, புதன்

லெஸ்யாவுக்கு என் எண்ணைக் கொடுத்திருக்கிறாள். தினமும் காலையில் ஒரு பூவின் படமும் இயந்திரம் மொழிபெயர்த்த ஒரு தமிழ் வாக்கியமும் வருகின்றன. இன்று: "என் மகள் உங்கள் கூரையின் கீழ் தூங்குகிறாள், ஆகவே நான் தூங்குகிறேன்." இயந்திரம் இதில் பிழை செய்ததாகத் தெரியவில்லை.

ஜனவரி 19, திங்கள்

நேற்று தருவை மைதானத்தில் ஆட்டம் பார்த்தேன். வாழ்க்கையில் முதல் தடவை. குடையும் ஃபிளாஸ்க்கும் எடுத்துப் போனேன்.

கோல் கீப்பர் சும்மா நிற்பவர் என்று நினைத்திருந்தேன். இவள் ஆட்டம் முழுக்கக் கத்துகிறாள். "ஏட்டி, ஏறு! விடாத! பின்னாடி பாருட்டி!" எல்லாம் கூட ஆடும் பெண்கள் கற்றுக்கொடுத்தது. ஏட்டி என்பது பெரியவர்கள் முன் சொல்லும் சொல் அல்ல என்று வீட்டுக்கு வந்ததும் தெரியப்படுத்தினேன். களத்தில் பெரியவர்கள் யாரும் இல்லையே என்றாள். இருந்தேன் என்றேன்.

ஒன்றுக்குப் பூஜ்யம். ஜெயித்தோம்.

பிரிட்டோ ஒரு விஷயம் சொன்னார். போர்ச்சுகலில் ஒரு கழகம் இவளுடைய வீடியோக்களைக் கேட்டு வாங்கியிருக்கிறது. பிப்ரவரி 8, ஞாயிறு ஆட்டத்தை அங்கிருந்து நேரலையில் பார்த்து முடிவெடுப்பார்களாம். பிடித்தால் இரண்டு வருட ஒப்பந்தம், தங்க வீடு. வீடு என்றால் லெஸ்யாவையும் அழைத்துக்கொள்ளலாம். இதைச் சொன்னபோது சொலோமியா சிரிக்கவில்லை. கையுறையின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

நன்றி: அந்த இரண்டாவது பாதியில் மேல் மூலைக்குப் போன பந்து. விரல் நுனிதான் பட்டது. நான் எழுந்து நின்றதாகப் பிரிட்டோ சொல்கிறார். குடையைச் சரிசெய்ய எழுந்தேன்.

ஜனவரி 27, செவ்வாய்

மோட்டார் கெட்டது. பிளம்பர் வருகிறேன் என்று சொல்லி மூன்றாவது நாள். சொலோமியா பிரித்துப் பார்த்து வாஷரை மாற்றினாள். நன்றி: வாஷர்.

பிப்ரவரி 5, வியாழன்

காலை ஏழு பத்துக்கு லெஸ்யாவின் செய்தி. பூ இல்லை.

"தாராஸ் காயப்பட்டான். வலது கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைப்பான். ஞாயிறு ஆட்டம் முடியும்வரை சொலோமியாவிடம் சொல்ல வேண்டாம். தாராஸே கேட்கிறான். ஊரார் எல்லோரும் இணையத்தில் எழுதுகிறார்கள், அவள் பார்த்துவிடுவாள். தயவுசெய்து."

அவள் அப்போது மாடியில் பாட்டுப் போட்டுக்கொண்டு கயிறு தாண்டிக்கொண்டிருந்தாள். உத்தரம் அதிர்ந்தது. கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

பிரிட்டோவைக் கூப்பிட்டேன். பதறிப்போனார். பிறகு, "மேடம், ஞாயிறு ஒரு நாள மட்டும் தாண்டிட்டா போதும். அப்புறம் நானே கூட்டிட்டு உக்காந்து சொல்லுதேன்" என்றார். அவளுடைய சிம் கார்டு கழகத்தின் பெயரில் இருக்கிறது. நேற்றோடு ரீசார்ஜ் முடிந்துவிட்டது; அவர் மறந்துவிட்டதாக இருப்பார். கூட ஆடும் பெண்களிடமும் சொல்லிவைப்பார். வீட்டு இணைப்பு என் பொறுப்பு.

அவள் பயிற்சிக்குப் போன பிறகு ஸ்டூலில் ஏறி, இன்டர்நெட் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் வயரைப் பிடுங்கினேன்.

நம் வீடுகளில் இது புதிதல்ல. என் தங்கையின் பிரசவத்துக்கு மூன்று நாள் முன் அப்பா போனார். குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆன பிறகுதான் அவளுக்குச் சொன்னோம். செல்லக்கனியின் கல்யாணத்தன்று அவளுடைய தாய்மாமா இறந்த சேதியைத் தாலி ஏறும்வரை பந்திக்காரர்கூட வாய் திறக்கவில்லையாம். ரெனிட்டாவின் சி.ஏ. பரீட்சையின்போதும் அப்படித்தான் செய்தோம். என் கணவர் போனது செவ்வாய்க்கிழமை. அவளுக்கு இன்னும் இரண்டு தாள் பாக்கி. எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு. அவள் அகில இந்திய அளவில் பதினேழாவது இடம் வாங்கினாள். அந்தச் சான்றிதழை அவள் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டவில்லை; இங்கே பீரோவில்தான் இருக்கிறது.

எக்ஸ்சேஞ்சில் எங்களுக்கு வேறு சட்டம். அழைப்பு யாருக்கு வந்ததோ அவருடையது. ஆபரேட்டர் அதை ஒரு நிமிடம்கூடப் பிடித்துவைக்கக் கூடாது. சாவுச் சேதி என்றால் மற்ற லைன்களை நிறுத்திவிட்டு அதைக் கொடுப்போம். ஆனால் இது எக்ஸ்சேஞ்ச் அல்ல. வீடு.

நன்றி:

பிப்ரவரி 6, வெள்ளி

நெட் ஏன் வரவில்லை என்று கேட்டாள். தெரு முனையில் பள்ளம் தோண்டுகிறார்கள், கேபிள் அறுந்துவிட்டது என்றேன். என் ஃபோனைக் கேட்டாள். அதிலும் வீட்டு இணைப்பு மட்டும்தான், வெளிநாட்டுக்குப் பேச வசதி இல்லை என்றேன். டிரங்க் எக்ஸ்சேஞ்ச் சூப்பர்வைசர் வீட்டில் வெளியே பேச வழி இல்லை.

மத்தியானம் பிரிட்டோ கூப்பிட்டார். "மேடம், புள்ள பந்தயே பாக்க மாட்டேங்கா. பயிற்சியில ஏழு கோல் விட்டுட்டா. பொண்ணுங்ககிட்ட எல்லாம் ஃபோன் கேக்கா. எல்லாரும் டேட்டா தீந்துட்டுன்னு சொல்லிட்டாளுவ." பதினெட்டுப் பேரும் அதையே சொன்னார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார், பெருமையாக.

சாயங்காலம் சாப்பிட வரவில்லை. கேட்டைத் திறந்துகொண்டு தெரு முனை வரை நடந்து போனாள். அங்கே கொஞ்ச நேரம் நின்று, இடது பக்கமும் வலது பக்கமும் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். நான் ஜன்னலருகில் இருந்தேன். கேட்டை மூடிக் கொக்கி போட்டுவிட்டு மேலே போனாள்.

மேலே கயிறு தாண்டும் சத்தம் இல்லை.

பிப்ரவரி 7, சனி

காலை ஏழு மணிக்குக் கீழே வந்தாள். தலை குளித்திருந்தாள். கறுப்புச் சட்டை போட்டு, கழுத்துவரை பொத்தான் மாட்டியிருந்தாள். சாப்பாட்டு மேசைக்கு எதிரே நின்று கேட்டாள்.

"தாராஸை எப்போது அடக்கம் செய்கிறார்கள்?"

காப்பியைக் கீழே வைத்தேன்.

"பதினெட்டுப் பேருக்கு ஒரே நாளில் டேட்டா தீராது, மிஸஸ் மிராண்டா. தெருவில் பள்ளம் இல்லை. எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்கிறீர்கள், எனக்குப் புரிகிறது. நான் ஆடுவேன். அடக்கம் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்லுங்கள். அந்த நேரத்தில் நான் உட்கார்ந்திருக்கக் கூடாது."

பதினைந்து வருடத்துக்கு முன்பு ஒரு வெள்ளிக்கிழமை, கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த ரெனிட்டாவிடம் ஃபோனில் சொன்னேன். அவளும் அழவில்லை. "அடக்கம் எப்பம்மா?" என்றுதான் கேட்டாள். நேற்றே முடிந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. எக்ஸ்சேஞ்சில் எத்தனையோ அழைப்புகளைக் கொடுத்திருக்கிறேன். அந்த ஒன்றில்தான் மறுமுனையில் மூச்சுச் சத்தம்கூடக் கேட்கவில்லை.

"அவன் உயிரோடிருக்கிறான்" என்றேன். அவள் நம்பவில்லை. இன்னொரு முறை சொன்னேன். லெஸ்யாவின் செய்தியைக் காட்டினேன். கால் ஒன்றை எடுத்துவிட்டார்கள் என்றும் சொன்னேன்.

"எந்தக் கால்?"

"வலது. முழங்காலுக்குக் கீழே."

"அவன் இடது கால் ஆட்டக்காரன்" என்றாள்.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுதாளா சிரித்தாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. நானும் தரையில் உட்கார்ந்தேன். பிறகு என்னைத் தூக்கிவிட அவளும் செல்லக்கனியும் வேண்டியிருந்தது. விஷயம் தெரிந்ததும் செல்லக்கனி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "காலுதான போச்சு, ஆளு இருக்காம்லா. ஏட்டி, எழும்பு, முட்ட அவிச்சிருக்கேன்" என்றாள். மொழி தெரியாவிட்டாலும் சொலோமியா எழுந்தாள்.

வயரை நானே மாட்டினேன்.

தாராஸ் மருத்துவமனைப் படுக்கையில் இருந்தான். சாம்பல் நிற முகம், பத்து நாள் தாடி. அவள் அரை மணி நேரம் அவனைத் திட்டினாள். அவனும் படுத்தபடியே பதிலுக்குத் திட்டினான். கடைசியில் என்னிடம் பேச வேண்டும் என்றான். உத்தரவு போட்டது தான்தான், உங்கள் மேல் தப்பில்லை என்றானாம். மரியாதை தெரிந்த பிள்ளை. ஆனால் வயரைப் பிடுங்கியது அவன் கை அல்ல.

ஐம்பத்திரண்டு நிமிடம். முடித்துவிட்டு வந்து சொன்னாள்: "இரண்டு நாளாக நான் அவன் அடக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். தனியாக."

மன்னிப்புக் கேட்டேன். எந்த மொழியிலும் அது எனக்குச் சுலபமாக வருவதில்லை. அவள் மாடிக்குப் போய் விதிகள் எழுதிய காகிதத்தை எடுத்து வந்தாள். நான்கின் கீழே, பெரிய எழுத்தில், ஐந்து என்று எண் போட்டு எழுதினாள்: யாருக்கு வந்த செய்தியும் அன்றைக்கே அவரிடம் சேர வேண்டும். பேனாவை என் பக்கம் நீட்டினாள்.

கையெழுத்துப் போட்டேன்.

நன்றி: அவன் இடது கால் ஆட்டக்காரன்.

பிப்ரவரி 8, ஞாயிறு

ஒன்றுக்கு ஒன்று. பத்தாவது நிமிடத்தில் கைக்கு வந்த பந்தை நழுவவிட்டாள். செல்லக்கனி மாதாவைக் கூப்பிட்டாள். அதன் பிறகு எண்பது நிமிடம் ஒன்றும் உள்ளே போகவில்லை. நன்றாக ஆடினாளா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. நிமிர்ந்து நின்று ஆடினாள்.

முடிந்ததும் நேராக என்னிடம் வந்து ஃபிளாஸ்க்கை வாங்கிக் குடித்தாள். அது சுக்குக் காப்பி. முகம் போன போக்கைப் பார்த்துப் பெண்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளிக்கிழமை பொய் சொன்ன பதினெட்டுப் பேரும் வரிசையாக வந்து அவளிடம் ஸாரி சொன்னார்கள்.

நன்றி: இன்று எல்லோரும் அவள் முகத்தை நேராகப் பார்த்துப் பேசினார்கள்.

பிப்ரவரி 11, புதன்

போர்ச்சுகலிலிருந்து பதில் இல்லை. எலுமிச்சை ஊறுகாய் போட்டேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ரெனிட்டா கூப்பிட்டாள். வழக்கம்போல உடம்பு, மழை, மின்சாரக் கட்டணம் எல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்தது. பிறகு என்ன தோன்றியதோ, வயரைப் பிடுங்கிய கதையை ஆரம்பத்திலிருந்து சொன்னேன். கறுப்புச் சட்டையையும் அவள் கேட்ட கேள்வியையும் சொன்னேன்.

லைன் போய்விட்டதோ என்று ஃபோனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன்.

அவளுடைய அப்பா விஷயம் எல்லோரும் சேர்ந்து எடுத்த முடிவு அல்ல என்று சொன்னேன். அவள் மாமா, சொல்லிவிடலாம், பிளேனில் வரட்டும் என்றுதான் சொன்னார். வேண்டாம் என்றது நான்.

"தெரியும்மா" என்றாள். "மாமா அந்த வருஷமே சொல்லிட்டாரு. நீ எப்ப சொல்லுவேன்னு பாத்துட்டு இருந்தேன்."

கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். பிறகு அவள், அப்பா கடைசியாக என்ன சாப்பிட்டார் என்று கேட்டாள். இட்லியும் மீன் குழம்பும், முந்தைய நாள் குழம்பு என்றேன். என்ன சட்டை போட்டிருந்தார் என்று கேட்டாள். கோடு போட்டது. எந்தக் கோடு, நீலமா பச்சையா என்று கேட்டாள். பச்சை. ஒவ்வொன்றாகக் கேட்டாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன்.

நாற்பத்தொரு நிமிடம்.

நன்றி: கேட்டாளே.

பிப்ரவரி 19, வியாழன்

நேற்று திருநீற்றுப் புதன், தவக்காலம் ஆரம்பம். இன்று பிரிட்டோ என் ஃபோனுக்குக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார்.

"மேடம், போர்ச்சுகல்காரன் வேண்டாம்னுட்டான். வேற கீப்பர எடுத்துட்டானாம். ஞாயித்துக்கிழம நமக்கு செமிஃபைனல் இருக்குல்லா, அது முடியட்டும். திங்கக்கிழம பக்குவமா சொல்லிருவோம். நீங்களும் ஒண்ணும் காட்டிக்காதீங்க."

அவர் கெட்டவர் அல்ல. அந்தப் பெண்ணுக்காகப் போர்ச்சுகலுக்கு எத்தனை கடிதம் எழுதியிருப்பார் என்று எனக்குத் தெரியும். அவர் குரலில் நான் கேட்டது பதினைந்து வருடத்துக்கு முந்தைய என் குரல்தான். கொஞ்சம் இருங்கள் பிரிட்டோ என்று சொல்லிவிட்டு மாடிப்படி ஏறினேன். அவர் ஃபோனுக்குள் "மேடம், மேடம்" என்றுகொண்டே வந்தார்.

சொலோமியா விரல்களுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தாள். "உனக்கு அழைப்பு. செய்தி நல்லதல்ல. உட்கார்ந்து கேள்" என்றேன்.

நின்றுகொண்டே கேட்டாள். இரண்டு முறை அவருக்கு நன்றி சொன்னாள். ஃபோனை என்னிடம் கொடுத்துவிட்டு, சுற்றிய டேப்பை முழுக்க அவிழ்த்தாள். பிறகு புதிதாக எடுத்து முதல் விரலிலிருந்து சுற்ற ஆரம்பித்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துகொண்டேயிருந்தது, துடைக்கவில்லை. போர்ச்சுகல் வீட்டில் அம்மாவுக்கு எந்த அறை என்றுகூட முடிவு செய்து வைத்திருந்தாளாம். நான் பக்கத்தில் கத்தரிக்கோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டேப் வெட்ட ஒருவர் வேண்டுமே.

பிரிட்டோ இன்னும் லைனில் இருந்தார். "செமிஃபைனல்ல தோத்தா நீங்கதான் பொறுப்பு மேடம்." சரி என்றேன்.

பயிற்சிக்குப் போய்விட்டு வந்து ஒரு விஷயம் சொன்னாள். அவளுடைய பழைய பயிற்சியாளர் ஒருவர் இப்போது போலந்தில் லூப்ளின் என்ற நகரத்துக் கழகத்தில் இருக்கிறார். மார்ச்சில் தேர்வு முகாம். நான்கு கோல் கீப்பர்களைக் கூப்பிட்டு ஒருவரை எடுப்பார்கள். பெயர் கொடுக்கச் சொல்லி மூன்று வாரமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறார். போர்ச்சுகலை நினைத்து இவள் பதில் போடவில்லை. பட்டியலைச் சனிக்கிழமை மூடுகிறார்களாம்.

நாளை மறுநாள்தான் சனிக்கிழமை. பிரிட்டோ சொன்ன திங்கட்கிழமைக்கு முன்னால்.

இப்போதே எழுது என்றேன். எழுதிவிட்டேன் என்றாள்.

நன்றி: படிக்கட்டு. அது இன்னும் நாலு படி அதிகமாக இருந்திருந்தால் மனதை மாற்றிக்கொண்டிருப்பேனோ என்னவோ.

பிப்ரவரி 22, ஞாயிறு

தோற்றோம். இரண்டுக்குப் பூஜ்யம். இரண்டில் ஒன்று அவள் தவறு. பொறுப்பேற்றவள் என்ற முறையில் பிரிட்டோவுக்கு ஒரு பெட்டி மக்ரூன் வாங்கிக் கொடுத்தேன். "கப்பு வந்திருக்க வேண்டிய கையில மக்ரூன்" என்றார். மூன்றை அங்கேயே சாப்பிட்டார். வீடியோக்களை லூப்ளினுக்கு அவர்தான் அனுப்பினார் என்பதையும் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமையே, இரண்டு தடவை.

பிப்ரவரி 25, புதன்

முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். வெறும் முகாம்தான், ஒப்பந்தம் அல்ல. போர்ச்சுகலில் பேசிய சம்பளத்தில் பாதிகூட வராது. ஆனால் தாராஸை இப்போது மாற்றியிருக்கும் லிவீவ் நகரத்துக்கு லூப்ளினிலிருந்து ஒரே நாளில் போய்விடலாமாம். வரைபடத்தை மேசையில் விரித்து எனக்குக் காட்டினாள். இரண்டு ஊருக்கும் நடுவே என் சுண்டுவிரல் அளவுகூட இல்லை.

நன்றி: சுண்டுவிரல்.

மார்ச் 9, திங்கள்

வாகைக்குளம் விமான நிலையத்துக்கு நானும் செல்லக்கனியும் போனோம். செல்லக்கனி கருப்பட்டி மிட்டாய் ஒரு கிலோ கொடுத்தாள். "அங்க போயி முட்டய மட்டும் தின்னுட்டுக் கெடக்காத. அண்ணனுக்கும் குடு" என்றாள். ரெனிட்டா இவளுக்குப் பெங்களூரிலிருந்து கம்பளிச் சட்டை அனுப்பியிருந்தாள். அளவு கேட்டு மூன்று தடவை கூப்பிட்டாள், மூன்றும் வாரநாட்களில்.

கை குலுக்கி அனுப்புவதாகத்தான் திட்டம். அப்படி நடக்கவில்லை. என்னைக் கட்டிக்கொள்ள அவ்வளவு உயரத்திலிருந்து அவள் குனிய வேண்டியிருந்தது.

நாளை அவள் அறையைச் சுத்தம் செய்ய வேண்டும். அவசரம் இல்லை. அடுத்து வர யாரும் இன்னும் கேட்கவில்லை. அறை காலி என்று நானும் யாரிடமும் சொல்லவில்லை.

நன்றி: ஒன்பது வாரம்.

மார்ச் 21, சனி

எடுத்துவிட்டார்கள். ஒரு வருட ஒப்பந்தம். செய்தி வந்தது மத்தியானம் இரண்டு ஐந்துக்கு. கையெழுத்துப் போட்டது நம் நேரப்படி இரண்டு மணிக்காம். செல்லக்கனி தெருவுக்கே சொல்லிவிட்டாள்.

ஏப்ரல் 13, திங்கள்

சொலோமியாவின் சபையாருக்கு உயிர்த்த ஞாயிறு நேற்றுதான் வந்தது. நமக்கு வந்ததற்கு ஒரு வாரம் பிந்தி. சொலோமியா லிவீவுக்குப் போயிருந்தாள். லெஸ்யாவும் ஊரிலிருந்து வந்திருந்தாள். மூன்று பேரும் மருத்துவமனைக் கட்டிலில் நெருக்கி உட்கார்ந்திருக்கும் படம் வந்திருக்கிறது. தாராஸ் தாடியை மழித்துவிட்டான். பார்க்கப் பள்ளிக்கூடத்துப் பையனைப் போல இருக்கிறான். நடைபாதையில் ஊன்றுகோலோடு முப்பது அடி நடந்தானாம். கட்டிலில் உட்கார்ந்துகொண்டே இடது காலால் இவளை நோக்கி ஓர் ஆரஞ்சுப் பழத்தை உதைத்தானாம். இவள் பிடிக்கவில்லையாம். பழம் நர்ஸின் மேல் பட்டு, நர்ஸ் கத்தி, பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் சிரித்தார்களாம்.

கீழே லெஸ்யாவின் இயந்திரத் தமிழ்: "இன்று என் இரண்டு பிள்ளைகளும் ஒரே அறையில் சண்டையிடுகிறார்கள். உங்களுக்கு நன்றி." எனக்கு என்ன நன்றி. இருந்தாலும் நான்கு தடவை படித்தேன். ரெனிட்டாவுக்கும் அனுப்பினேன்.

படத்தோடு சொலோமியா இன்னொன்றும் எழுதியிருந்தாள். போன வாரம் லூப்ளினில் அவளுடைய முதல் ஆட்டம். மூன்று கோல் விட்டுவிட்டாள். பயிற்சியாளர் பரவாயில்லை என்றாராம். கூட ஆடுகிறவர்கள் பரவாயில்லை என்றார்களாம். தாராஸ்கூட, முதல் ஆட்டம்தானே, போகட்டும் என்றானாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள், மிஸஸ் மிராண்டா?

மூன்று அதிகம் என்று உடனே பதில் எழுதினேன்.